பிரமாதமும் பாதரசமும்

கழுகுமலைச் சமணச் சிற்பங்களைத் தரிசித்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பும் வழியில், கரிசல் காட்டுக் கண்மாய் ஒன்றின் கரையில் எங்கள் வேன் சற்று நின்றது. ஐப்பசி மழையில் கண்மாய் பாதி நிறைந்திருந்தது. இரு சிறுவர் ஓர் ஆமையைக் கயிற்றில் கட்டித் தூக்கிச் சென்றனர். கறிக்குத்தான் என்றார் ஓட்டுநர். உடன் வந்த நயினார் ஒருவர், “அமேசான் ஆற்றில் ஆமையிலும் முதலையிலும் பாதரசம் ஏறியிருக்கிறதாம். தின்பவர்க்கு நரம்பு கெடுமாம். புலால் உண்போர் வினை அவர்களையே சேர்கிறது” என்றார். சிலர் தலையசைத்தனர். எனக்கு அது உறுத்திற்று.

ஆமை பாதரசத்தைத் தேடிச் செல்வதில்லை. ஆற்றில் கலந்த பாதரசத்தைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து புழுவுக்கும், பின்னர் மீனுக்கும், மீனைத் தின்னும் ஊர்வனவற்றுக்கும் ஏறுகிறது. உடலை விட்டு எளிதில் நீங்காதாகையால் நெடுநாள் வாழும் உயிரிடம் மிகுதியாகத் தங்குகிறது. அமேசானில் அதனை ஆற்றில் விடுவோருள் முதன்மையானவர் பொன் அரிப்போர். மணலிலுள்ள பொன்துகளைப் பாதரசத்தால் திரட்டி, சூடாக்கிப் பிரிக்கின்றனர். நயினாரின் விரலில் கிடந்த மோதிரத்தைப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் நம் கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொணரப்பட்டது. செய்தவற்றில் பெரும்பகுதி அயல்நாடு சென்றது. கழிவு மட்டும் பாம்பார்ச் சோலையின் விளிம்பிலேயே தங்கிற்று. 2001இல் மூஞ்சிக்கல் காயலான் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் கிடந்ததைக் கண்டு மக்கள் போராடிய பின்னரே இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஆலையை மூடியது. 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. கொடைக்கானல் ஏரி மீன்களில் பாதரசம் இருப்பதை 2006இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று.

அங்கே எவரும் மீனைக் கொல்லக் கருதவில்லை; ஆகவே சங்கல்ப ஹிம்சை அன்று. இல்லறத்தார்க்கு விலக்களிக்கப்பெற்ற உத்யோக ஹிம்சை எனலாமா? தவிர்க்க இயலாததற்கே அவ்விலக்கு. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதத்தையே காரணமாக வைக்கிறது. (இன்று அச்சொல்லைப் பாராட்டாக வழங்குகிறோம், சாத்திரத்தில் அதற்குச் சோர்வு, கவனமின்மை என்பதே பொருள்.) கழிவு எங்கே போகிறது என்று கேளாமை பிரமாதம். பொன் எங்கிருந்து வருகிறது என்று கேளாமையும் அதுவே. ஆமையைக் கட்டிய சிறுவன் செய்வதும் தீவினைதான், மறுக்கவில்லை. ஆயினும் அவன் கயிற்றில் இருந்தது ஓர் உயிர். நம் கணக்கில் எத்தனை என்று நாம் எண்ணியதே இல்லை.

இவற்றை வேனிலேயே சொன்னேன். நயினார் நெடுநேரம் பேசவில்லை. கோவில்பட்டி நெருங்கும்போது, “வீட்டில் வெப்பமானி உடைந்தால் அதை எங்கேதான் போடுவது?” என்று கேட்டார். கையால் தொடாமல் காகித அட்டையால் திரட்டி, மூடியுள்ள புட்டியில் இட்டு, அபாயக் கழிவென்று சொல்லித் தனியே ஒப்படைக்க வேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் முன்பு உடைந்ததைக் குழந்தைகள் உருட்டி விளையாடிய பின் சாக்கடையில் கொட்டியவன் நானே என்பதையும் சொன்னேன்.