குதிகால் நாண்

காலையில் கட்டிலை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடிதான் கணக்கு. இடது குதிகாலுக்கு மேலே, நனைந்து காய்ந்த தோல்வார் மாதிரி ஒரு விறைப்பு. பாத்ரூம் வரை நொண்டுவேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் இளகிவிடும். இளகிவிடுகிறதே என்றுதான் இரண்டு மாதம் அதை வலிக்கணக்கில் சேர்க்கவே இல்லை.

*

மழை விட்டதும் மைதானத்துக்குப் போனேன். விட்ட நாளையெல்லாம் ஈடுகட்டும் ஆசை. நான்கு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் இரண்டே வாரத்தில் எட்டுக்குப் போனேன். மூச்சு வாங்கவில்லை; அதுதான் ஏமாற்றியது. நெஞ்சும் சதையும் சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. நாணுக்கு மாதக்கணக்கு வேண்டும்.

ஊரில் இதை நரம்பு என்பார்கள். நரம்பில்லை, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண். வில்லில் பூட்டும் நாண் என்றே வைத்துக்கொள்ளலாம்: ஒவ்வோர் அடியிலும் இழுபட்டு, விசையைத் திருப்பித் தருகிறது. எலும்புக்கு மேல் 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை அதில் ரத்த ஓட்டம் குறைவு. இரு விரலால் பிடித்துப் பார்த்தால் என் வலியும் அங்கேதான், லேசாகத் தடித்து.

*

அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிட்டாள். சுகமாக இருந்தது. மறுநாள் முதல் அடியில் மாற்றமில்லை. ஒரு மாதம் ஓடாமல் இருந்தேன். அடங்கியது, ஓடிய அன்றே திரும்பி வந்தது. சும்மா கிடந்த நாண் இன்னும் தளர்ந்துதான் போயிருக்கும்.

*

கடைசியில் பிசியோவிடம் போனேன். அங்கே கேட்ட கதை. ஹோக்கன் ஆல்ஃபிரட்சன், ஸ்வீடன் எலும்பு மருத்துவர். அவருக்கே இந்த வலி. அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவருக்கு மேலதிகாரியாக இருந்த மருத்துவர் மறுத்துவிட்டார். அறுந்தாவது போகட்டும், அப்புறம் செய்துதானே ஆகவேண்டும் என்று ஆல்ஃபிரட்சன் வலிக்க வலிக்கக் காலுக்கு வேலை கொடுத்தார். அறவில்லை, ஆறிவிட்டது. 1998இல் வெளியான அவருடைய ஆய்வில் 15 பேர், 12 வாரம். 15 பேரும் மறுபடி ஓடினார்கள். எல்லாருக்கும் அப்படிப் பலிக்கவில்லை என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. வீம்பில் பிறந்த வைத்தியம் என்பதாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

*

அதே பயிற்சிதான் எனக்கும். வாசல்படி. விளிம்பில் முன்பாதம் மட்டும், சுவரில் ஒரு கை. இரண்டு காலாலும் எம்பி, நல்ல காலை எடுத்துவிட்டு, நோகும் காலால் மட்டும் மெல்ல இறங்க வேண்டும், குதிகால் படிக்குக் கீழே போகும் வரை. ஏற மறுபடி இரண்டு காலும். முழங்காலை நீட்டி மூன்று பதினைந்து, மடக்கி மூன்று பதினைந்து. காலையும் மாலையும். ஆக நாளுக்கு 180.

தாங்கும் அளவு வலி இருக்கலாம். மறுநாள் நொண்டல் கூடினால் முந்தின நாள் அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ‘டப்’ என்று கேட்டால் மட்டும் படியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். நாண் அறுந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

எதிர்வீட்டுச் சிறுமி கேட்டாள், “மாமா, ஏன் மேலே வரவே மாட்டேங்கறீங்க?” சிரித்ததில் எண்ணிக்கை தவறியது. முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா?

*

இன்று முதல் அடியைக் கவனிக்க மறந்துவிட்டேன். பாத்ரூம் கதவைத் தாழிட்ட பிறகுதான் நினைவு வந்தது.

ஒன்பதாவது வாரம். எடை கூட்ட, தோள்பையில் ஐந்து கிலோ அரிசியை அளந்து போட்டுக்கொண்டு படிக்குப் போனேன்.