செருப்புக்குக் காவல்

கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் சோளிங்கர் பெரிய மலையின் அடிவாரமான கொண்டபாளையத்தில், குடும்பம் குடும்பமாக ஒரு சின்ன வழக்கு நடக்கும். யார் கீழே இருப்பது? கழற்றிப் போட்ட செருப்புகளுக்கும் புளிசாதத் தூக்குக்கும் மாற்றுத்துணிப் பைக்கும் ஓர் ஆள் காவல் வேண்டும். கைக்குழந்தைக்காரி, "நான் இருக்கேன்" என்பாள். "வேண்டிக்கிட்டவ நீ, நீ ஏறாம எப்படி?" என்பார் மாமியார். கடைசியில் வீட்டின் மூத்தவர் முட்டியைத் தடவிக்கொண்டே, "போய்ட்டு வாங்க, நான் இங்கிருந்தே கோபுரத்தப் பாத்துக் கும்பிட்டுக்கறேன்" என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவார். தீர்ப்பு ஆகிவிட்டது. மேலே யோக நரசிம்மர் கோயிலுக்கு 1,305 படிகள்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கல் முதலில் பாட்டியுடையது. பிறகு சில வருடம் பெரியப்பா. ரோப் கார் வருவதற்கு முன்பு நாங்கள் கடைசியாக ஏறியபோது, யாரும் எதுவும் சொல்லாமலே அம்மா போய் அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது அவள். ஆனால் முதல் படியில் கால் வைத்தபோது வயது ஏறியிருந்தது எனக்கு.

மனித வாழ்க்கையைப் படிக்கட்டாகக் கட்டிப் பார்ப்பது புத்தகங்களுக்குப் பிடித்த வேலை. எரிக் எரிக்சன் 1950இல் ஒரு மனிதனுக்கு எட்டுக் கட்டங்கள் வகுத்தார். ஈவ்லின் டுவால் 1957இல் குடும்பத்துக்கும் எட்டே வைத்தார்: கல்யாணம், கைக்குழந்தை, பள்ளிக்கூடம் என்று மூத்த பிள்ளையின் வயதைக் கொண்டு கணக்கு போகும். ஆறாவது கட்டம் பிள்ளைகளை வெளியே அனுப்புவது. கப்பலைக் கடலில் இறக்குவதற்கு அமெரிக்காவில் என்ன சொல்லோ, இதற்கும் அதே சொல். நம் பக்கத்தில் மூத்தவனுக்கு இருபத்தெட்டு ஆனால் கப்பல் வெளியே போவதில்லை. இன்னொரு கப்பல் உள்ளே வருகிறது, பீரோ கட்டில் சீர்வரிசையோடு.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைத்தமிழ் குழந்தைக்கே பத்துப் பருவம் பிரித்தது. பாட்டியல் நூல்கள் பெண்ணைப் பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடித்தன. ஏழு பருவம், நாற்பது வயது. அதற்கு மேல் பெயரே இல்லை. உலா நூல்களில் தலைவன் பவனி வரும் தெருவில் நாற்பதைத் தாண்டியவள் நின்றிருக்கத்தான் செய்திருப்பாள், கணக்கில் வரவில்லை. ஆணுக்கு மட்டும் என்ன சலுகை? முப்பதைக் கடந்தால் முதுமகன் என்று எழுதிவைத்தார்கள். சென்னை ஐ.டி. கம்பெனிகளில் யாராவது இதைச் சுவரில் ஒட்டிப் பார்க்கலாம்.

இந்த எல்லாக் கணக்கிலும் எனக்கு ஒரே குறைதான். படியேறுகிறவர் தன் காலால் ஏறுவதாகவே இவை சொல்கின்றன. உண்மையில் ஒருவரைக்கூட அவருடைய பிறந்தநாள் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை. தம்பிக்குக் கல்யாணம் ஆகும் நாளில்தான் ஒருத்தி நாத்தனார் ஆகிறாள். மகன் தாலி கட்டிய அரை நிமிடத்தில் அதுவரை அம்மாவாக மட்டும் இருந்தவள் மாமியார். எங்கோ வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை வீறிட்டால், சோளிங்கரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் எதுவும் செய்யாமலே தாத்தாவாகிவிடுகிறார். நம் உறவுப்பெயர்கள் எல்லாமே மற்றவர்கள் நமக்குத் தருபவை. தானே சூட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை.

தருவதற்கு ஆளில்லாத காலமும் வருகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 1.8. தானும் ஒற்றைப் பிள்ளையாய்ப் பிறந்த ஒருத்தி தன் குழந்தைக்குக் காது குத்தக் கூட்டிவந்தால், தாய்மாமன் மடிக்கு எங்கே போவது? ஒன்றுவிட்ட அண்ணனைத் தேடிப் பிடிக்கிறார்கள். பெங்களூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த ஓர் இளைஞன், யாரென்றே தெரியாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அது வீறிட்டு அழும்போது எங்கே பிடிப்பது என்று தெரியாமல் விழித்ததைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் கழித்து அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமன் ஆவதற்கு அவ்வளவு நேரம் போதுமாயிருந்தது.

சோளிங்கரிலிருந்து மேற்கே போனால் தோல் தொழில் பேட்டை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொள்ளும். ஒரே சீட்டில் மூன்று பேர்: ஒருத்தி குழந்தைக்கு மொட்டையடிக்க நாள் பார்ப்பவள், ஒருத்தி ஏழாம் நாள் அகீகா கொடுத்தவள், ஒருத்தி ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பு தைக்கக் கொடுத்தவள். மூவர் வீட்டிலும் அடுத்த நாள் பேச்சு ஒன்றுதான். மொய் எவ்வளவு வந்தது, யார் வரவில்லை.

அந்த பஸ்ஸில் நாலாவதாக ஒருத்தியும் இருப்பாள். பத்தாம் வகுப்பு முடித்ததும் கம்பெனிக்குப் போனவள், வீட்டுக்கு மூத்தவள். அவள் ஷூவின் மேல்பகுதி தைத்த காசில் தங்கை காலேஜ் போனாள், தம்பி பைக் வாங்கினான், தங்கைக்கு நகை சேர்ந்தது. அவளுக்கு இப்போது முப்பத்திரண்டு. பாட்டியல்படி பேரிளம்பெண், எரிக்சன் கணக்கில் துணை தேடி முடித்திருக்க வேண்டியவள், வீட்டில் இன்னும் "பொண்ணு". கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயர் மற்றவர்களோடு கடைசி வரியில் வரும். எந்தப் படிக்கட்டிலும் அவளைக் காணோம் என்று ஆராய்ச்சிக்காரர் தேடுவார். அவள் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எல்லாருடைய செருப்புக்கும் காவலாக. முட்டிவலி இல்லாத வயதில்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது. காத்திருப்பைப் புகழ்ந்து பேசியே காத்திருப்பவர்களை எழவிடாமல் செய்யும் பழக்கம் நமக்கு உண்டு. "தியாகம்" என்ற சொல் பல வீடுகளில் கதவுக்குப் போடும் தாழ்ப்பாள்.

மலைமேல் இருப்பவரின் கதை இந்த இடத்தில்தான் எனக்குப் புரிகிறது. திருக்கடிகை என்று ஊருக்குப் பழைய பெயர். கடிகை என்றால் நாழிகை, இருபத்துநாலு நிமிடம். அந்நேரம் இங்கே தங்கினால் மோட்சம் என்பார்கள். (படியேறவே அதைவிட அதிக நேரமாகும் என்பது வேறு விஷயம்.) யோக நரசிம்மர் பதினோரு மாதம் கண்மூடியிருந்து கார்த்திகையில் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. அவர் எதற்காக வந்தார்? ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் வந்தார். இரணியன் கேட்ட வரத்தைச் சற்று நின்று பாருங்கள்: சாவு பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது. தனக்கு முடிவு என்ற கடைசிப் படி வேண்டாம். மகனும் தன்னைத் தாண்டி வேறொரு பெயரைச் சொல்லக் கூடாது. தானும் கடக்க மாட்டேன், கடக்கவும் விடமாட்டேன் என்றவனைப் பொழுது சாயும் வேளையில், நிலைப்படியில் வைத்து, மடியில் கிடத்தி முடித்தது சிங்கம்.

நிலைப்படி. ஆர்னால்ட் வான் கென்னெப் 1909இல் உலகெங்குமுள்ள சடங்குகளை அடுக்கிப் பார்த்து, பிறப்போ பூப்போ மணமோ சாவோ, எதிலும் மூன்று கணம் உண்டு என்றார்: இருந்த இடத்திலிருந்து பிரிவது, வாசற்படியில் நிற்பது, புது இடத்தில் சேர்வது. ஆபத்தெல்லாம் நடுவில்தான். புதுப்பெண்ணை வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றி, வலது காலை எடுத்துவைக்கச் சொல்லும்போது நாம் காப்பாற்றுவது அந்த நடுக்கணத்தைத்தான். வாசலில் அவள் தனியாக நிற்பதில்லை; உள்ளே தட்டோடு ஒருவர் நிற்கிறார், பின்னால் கண்கலங்கி ஒருவர் நிற்கிறார்.

புராணம் வேண்டாம் என்பவர்களுக்கு வேலூர் கதை இருக்கிறது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக உதவி கேட்டு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் வீட்டுக்கு வந்தார்கள். மருத்துவம் தெரிந்த அவளுடைய அப்பா வருகிறேன் என்றார். ஆண் வைத்தியர் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இல்லை. தாயாகும் வாசலில் நின்றவர்கள் மூவர். வழியில் நின்றவர்களும் மூவர், மதம் வேறு சாதி வேறு. அமெரிக்காவில் தன் வாழ்க்கையைத் திட்டமிட்டிருந்த அந்தப் பெண் டாக்டராகித் திரும்பி வந்து, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அவளுடைய பருவத்தை மாற்றியதும் அவள் அல்ல, அவள் முகம்கூடப் பார்க்காத மூன்று பேர்.

கடப்பவர் ஒருவர் என்றால், கடக்க விடுபவர் இன்னொருவர். இரண்டு பேர் இல்லாமல் எந்த வயதும் நடப்பதில்லை. விடுபவர் தானாக நகர்ந்தால் அது வாசல். நகர மறுத்தால் சுவர். நகர முடியாமல் வைக்கப்பட்டவள் அந்த பஸ்ஸில் போகிறாள்.

2024 மார்ச்சில் ரோப் கார் வந்தது. அதற்கடுத்த கார்த்திகையில் அம்மா, கடைசி முறை கீழிருந்து மட்டும் பார்த்த கோபுரத்தை நோக்கி, சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி சில நிமிடத்தில் மேலே போய்விட்டாள். என் மனைவியும் மகனும் படியில். அடிவாரத்து வழக்கு அந்த வருடம் நடக்கவேயில்லை. எனக்கு முட்டியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கல்லில் போய் உட்கார்ந்தேன். மகன் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாண்டி மறைந்தான். அவன் உதறிவிட்டுப் போன செருப்பு இரண்டும் இரண்டு பக்கம் கிடந்தன. எடுத்துவந்து என் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தேன். ஒன்பதாம் நம்பர். என்னுடையது எட்டு.