மூச்சு வாங்காத எஞ்சின்

என்னிடம் உள்ள பிரெஞ்சு நீராவி எஞ்சினில் காரணமும் விளைவும் தலைகீழ். நிஜ எஞ்சினில் நீராவி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கம்பியைத் தள்ளும், கம்பி சக்கரத்தைச் சுற்றும். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய என் மாடலில் 12 வோல்ட் மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. கம்பியும் பிஸ்டனும் உழைப்பதுபோலத் தெரிந்தாலும், சக்கரம் இழுக்கிற இழுப்புக்குச் சும்மா போய்வருகின்றன.

இதை நான் நேசிக்கிறேன் என்று சொன்னால் அது உண்மையா? அம்பத்தூர் வீட்டில் டைனிங் டேபிளை ஓரம் தள்ளிவிட்டு ஞாயிறுதோறும் தண்டவாளம் போடுகிறவனுக்கு இந்தக் கேள்வி சின்னதல்ல.

பிரெஞ்சு ரயில்வேயில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு எஞ்சினுக்கென்று ஒரு டிரைவர், ஒரு ஃபயர்மேன். அவர்களே ஓட்டுவார்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எமில் ஸோலா 1890-இல் எழுதிய 'லா பேத் யூமேன்' நாவலில் டிரைவர் ஜாக் லாந்தியே தன் எஞ்சினுக்கு லிசோன் என்று ஒரு பெண்ணின் பெயரே வைத்திருப்பான். அந்தப் பாசம் கடையில் வாங்கியதல்ல, வேலையில் ஊறி வந்தது.

என் மாடல் 141ஆர். முன்னால் ஒரு அச்சு, நடுவில் நான்கு, பின்னால் ஒன்று, அதனால் 141. போரில் நொறுங்கிய பிரான்ஸுக்காக 1945 முதல் 1947 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,340 எஞ்சின்கள் செய்தார்கள். அதில் 16, பெல்பமேலா என்ற கப்பலோடு அட்லாண்டிக்கில் மூழ்கின. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று மாற்றி மாற்றி ஆள் ஏற்றியது பெரும்பாலும் இந்த எஞ்சின்களில்தான். 'என் எஞ்சின்' என்று யாரும் சொல்லாத எஞ்சினை நான் 'என்னுடையது' என்கிறேன், காசு கொடுத்தேன் என்பதற்காக.

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு பெரியவர், நீராவிக் காலத்தில் ஃபயர்மேனாக இருந்தவர். ஒருநாள் மாடல் ஓடுவதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் ஓடுது தம்பி. ஆனா கஷ்டப்படவே மாட்டேங்குதே." பிறகு அவரே தொடர்ந்தார்: "மேட்டுல ஏறுறப்ப அதுக்கும் மூச்சு வாங்கும், நமக்கும் வாங்கும். அப்பதான் அது நம்ம எஞ்சின்."

நாள் முழுக்க மூச்சு வாங்காத விஷயங்களோடு வேலை செய்கிறவன் நான். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஆந்த்ரே ஷாப்லோன் என்ற பொறியாளர் பழைய எஞ்சின் ஒன்றை மாற்றியமைத்து, 1946-இல் 242ஏ1 என்ற எஞ்சினை உருவாக்கினார். ஐரோப்பாவின் மிக வலிமையான நீராவி எஞ்சின்களில் ஒன்று. அந்த வகையில் உலகத்திலேயே அது ஒன்றுதான். மின்சார ரயில் வந்த பிறகு தேவைப்படவில்லை. 1960-இல் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். இன்று அதை முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டுமானால் மாடல்தான் கதி. வேலை வாங்கியவர்கள் கைவிட்டதை, வேலையே வாங்காதவர்கள் வைத்திருக்கிறார்கள். பயனை மட்டும் நேசித்தால், பயன் தீர்ந்ததும் நேசமும் தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி நம்மூரிலேயே உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இஐஆர்-21, 1909-இல் ஓய்வு பெற்று நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்றது. 2010-இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் அதை மறுபடி ஓட வைத்தார்கள். அந்த எஞ்சின் இல்லாவிட்டால் ஒரு ரயில்கூட நின்றுபோகாது. ஆனாலும் உழைத்தார்கள். தேவையே இல்லாத இடத்தில் செலுத்திய அந்த உழைப்பை நேசம் என்று தயங்காமல் சொல்வேன்.

என் சக்கரத் துடைப்பையும் ஒரு சொட்டு எண்ணெயையும் அதற்குச் சமம் என்று சொல்லமாட்டேன். என் எஞ்சின் என்னைச் சுட்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது பார்க்க வந்தால், எஞ்சினின் அழகுக்கு முன்னால் கம்பியைக் காட்டுகிறேன். "இது தள்ளல, இழுபடுது" என்கிறேன். "நிஜத்துல இதுக்குப் பின்னாடி ஒருத்தர் நெருப்பைப் பாத்துட்டு நிப்பார்." நெருப்பின் முன் நிற்காதவன் குறைந்தபட்சம் இதையாவது சொல்ல வேண்டும்.