மாற்றுப் பார்த்தல்

என்னிடம் இருந்த சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். ஏ பக்கத்தில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, பி பக்கத்தில் பேர்ல் ஜாமின் ‘டென்’. விடுதியில் டபுள் டெக் வைத்திருந்த ஒரு சீனியரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொண்டது. நெவர்மைண்டின் பன்னிரண்டு பாட்டும் நாற்பத்திரண்டு நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. டென் 53 நிமிடம். கடைசிப் பாட்டு ‘ரிலீஸ்’ ஆரம்பித்து, கிட்டார் மெதுவாகக் கசிந்து வரும் நேரம் பார்த்து டக்கென்று பொத்தான் எகிறும். டேப் தீர்ந்தது.

அந்த கேசட்டை வைத்துக்கொண்டுதான் நான் நான்கு வருடம் வாதாடினேன். தொண்ணூறுகளின் ஆல்டர்னேட்டிவ் ராக் குழுக்களில் எது உசத்தி? என் கட்சி நிர்வாணா. எதிர் அறை நண்பனுக்கு முதலில் சவுண்ட்கார்டன், அடுத்தது பேர்ல் ஜாம். சவுண்ட்கார்டனின் கிட்டாரிஸ்ட் கிம் தயிலின் பெற்றோர் கேரளத்துக்காரர்கள். “நம்மாளு ஒருத்தன் உள்ள இருக்கான்டா” என்பான். அதை ஒரு வாதமாக நான் ஏற்றதில்லை. ஆனால் நான் வைத்த வாதங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? பேர்ல் ஜாமை அடுத்த தட்டில் வைத்தபோது அவர்களின் முதல் ஆல்பத்தையே நான் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. பத்து வருடம் கழித்து ஒரு சிடியில் ‘ரிலீஸ்’ கடைசிவரை ஓடியது. உயிரோடு இருந்தபோது அப்பா என்றே தெரியாமல் போய்விட்ட மனிதரை நினைத்து அவர்களின் பாடகர் எடி வெட்டர் பாடுகிற பாட்டு அது. கேட்டு முடித்ததும் முதலில் வந்தது வெட்கம். பாட்டு அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கியது.

ஆல்டர்னேட்டிவ் ராக்கைத் தமிழில் மாற்று ராக் என்கிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், அதற்குள் ஒரு பொற்கொல்லர் பட்டறையும் இருப்பதால். தங்கத்தின் தரத்துக்கும் மாற்று என்றுதான் பெயர். பழைய ஆசாரி கறுப்பு உரைகல்லை எடுத்து நகையை ஓர் இழுப்பு இழுப்பார். அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்து அவர் வாய் திறக்க மாட்டார். பக்கத்திலேயே, மாற்றுத் தெரிந்த இன்னொரு பொன்னால் ஒரு கோடு. இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகே பேச்சு. விடிய விடியச் சண்டை போட்ட நாங்கள், பக்கத்தில் இழுக்கிற அந்த இரண்டாவது கோடு எது என்று ஒருநாளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.

எண்பதுகளின் அமெரிக்காவில் இந்தப் பெயர் தரத்தைக் குறிக்கவில்லை, இருப்பிடத்தைக் குறித்தது. பெரிய வானொலிகள் தொடாத இசையைக் கல்லூரி வானொலிகள் ஒலிபரப்பின. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் ஆர்.ஈ.எம்., பாஸ்டனில் பிக்ஸீஸ் என்று ஆங்காங்கே முளைத்தவர்கள். 1988 செப்டம்பரில் பில்போர்ட் பத்திரிகை இவர்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று போட ஆரம்பித்தது. மூன்று வருடம் கழித்து, 1991 செப்டம்பர் 24 அன்று நெவர்மைண்ட் வெளியானபோது அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் போனது சுமார் 46,000 பிரதிகள்தாம். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடத்தில் ஏறியது. எதற்கு மாற்றாக இருந்தார்களோ அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாகிவிட்டது. நாற்காலி என்று வந்துவிட்டால் யார் பெரியவர் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும்.

இந்தக் குழுக்கள் வளர்ந்த சியாட்டில் நகரில் அந்தக் கேள்வியை ரசிகர்கள்தாம் கேட்டார்கள் என்று தோன்றுகிறது. மதர் லவ் போன் என்ற குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990 மார்ச்சில் ஹெராயினுக்குப் பலியானார். அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னெல். துக்கத்தில் கார்னெல் பாட்டு எழுத, வுட்டின் குழுவிலிருந்த கோசார்டும் அமெண்டும் சேர்ந்து ‘டெம்பிள் ஆஃப் தி டாக்’ என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். அந்த இருவர் அதே சமயத்தில் கட்டிக்கொண்டிருந்த புதுக் குழுதான் பேர்ல் ஜாம். பின்னாளில் சவுண்ட்கார்டன் கலைந்ததும் அதன் டிரம்மர் மேட் கேமரன் பேர்ல் ஜாமில் போய் உட்கார்ந்தார். ஒரே சாவு வீட்டில் தோளோடு தோள் நின்றவர்களை ஆளுக்கொரு தட்டில் ஏற்றி நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், நாங்கள்.

எதை வைத்து நிறுப்பது என்பது இன்னொரு வில்லங்கம். பேர்ல் ஜாம் 1994-இல் டிக்கெட் விலையை 18 டாலரில் நிறுத்தவும், அதன் மேல் விழும் சேவைக் கட்டணம் 1.80 டாலரைத் தாண்டாமல் பார்க்கவும் மல்லுக்கட்டியது. டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதித்துறையிடம் புகார் கொடுத்தார்கள். கோசார்டும் அமெண்டும் பிரதிநிதிகள் சபையின் குழுவுக்கு முன்னால் போய்ச் சாட்சி சொன்னார்கள். அந்த வருடக் கோடைச் சுற்றுப்பயணமே ரத்தானது. அடுத்த வருடம் நீதித்துறை விசாரணையை மூடிவிட்டது. புகழின் உச்சியில் இருக்கும்போது ஒன்றே முக்கால் டாலருக்காகத் தோற்ற சண்டை. இதை இசைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா? சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. நண்பன் கூடாது என்பான், அவனுக்குப் பிடித்த குழுவுக்கே அது ஆதாயம் என்றாலும். அந்த நேர்மைக்காகத்தான் அவனோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், ஓட்டப் பந்தயமே வைத்துவிட்டார்கள். 1995 ஆகஸ்ட் 14 அன்று ப்ளர் குழுவின் ‘கன்ட்ரி ஹவுஸ்’, ஒயேசிஸ் குழுவின் ‘ரோல் வித் இட்’ இரண்டும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. தெற்குக்கும் வடக்குக்கும் சண்டை, படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கும் சண்டை என்று பத்திரிகைகள் ஊதின. தொலைக்காட்சிச் செய்தி வரைக்கும் போனது. ப்ளர் 2,74,000, ஒயேசிஸ் 2,16,000. ப்ளர் ஜெயித்தது. பிறகு வந்த ஆல்பம் விற்பனையில் ஒயேசிஸ் பல மடங்கு முந்தியது. ஆக, ஜெயித்தது யார்? பந்தயத்தில் ஓடிய இரண்டு பாட்டுமே அந்தந்தக் குழுவின் நல்ல பாட்டுகளில் சேராது என்பது வேடிக்கை. 2006-இல் ஒயேசிஸ் தன் பாட்டுகளில் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பு வெளியிட்டபோது ‘ரோல் வித் இட்’டுக்கு அதில் இடமில்லை. 2013-இல் ஒரு நிதி திரட்டும் கச்சேரியில் ஒயேசிஸின் நோயல் கேலகர் ப்ளரின் டேமன் ஆல்பர்னோடு ஒரே மேடையில் நின்று ப்ளரின் பாட்டை வாசித்தார். பந்தயம் கட்டிய ரசிகர்களுக்கு யாரும் காசைத் திருப்பித் தரவில்லை.

அதே 1995 கோடையில், என் காதுக்கு இந்த இரண்டையும்விட மேலான பாட்டு ஒன்று வந்தது. பல்ப் குழுவின் ‘காமன் பீப்பிள்’. ஜார்விஸ் காக்கர் ஷெஃபீல்டில் பள்ளி மாணவனாக 1978-இல் தொடங்கிய குழு, பதினேழு வருடம் கழித்து அந்த உயரத்துக்கு வந்தது. இரண்டாமிடத்தோடு நின்றுபோனது. முதலிடத்தில் இருந்தது, இரண்டு டிவி நடிகர்கள் மறுபடி பாடிய ஒரு பழைய காதல் பாட்டு.

பட்டியலைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. நானும் பட்டியல் போடுகிறவன்தான். இன்றைக்குக் கேட்டாலும் ஐந்து பெயர் சொல்வேன், நாளைக்கு அதில் இரண்டு மாறியிருக்கும். என்னை உறுத்துவது வேறு. முதலிடத்தில் ஏற்றப்பட்ட மனிதரிடமே போய் அந்த இரண்டாவது கோட்டைக் கேட்டால் என்ன சொல்வார்?

கேட்டிருக்கிறார்கள். நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபெய்ன் 1994 ஜனவரியில் வெளியான ரோலிங் ஸ்டோன் பேட்டியில், தன்னை உச்சிக்கு ஏற்றிய ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’டை எழுதும்போது பிக்ஸீஸைக் காப்பியடிக்கத்தான் பார்த்ததாக ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார். அடங்கிப் பேசிவிட்டுத் திடீரென்று அலறுவது அவர்கள் கைவரிசை. அதற்கு ஒரு வருடம் முன்பே பிக்ஸீஸ் கலைந்துபோயிருந்தது. அவர்கள் போட்ட விதைக்கு அறுவடை வேறு வயலில்.

1993 நவம்பரில் எம்டிவியின் ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சிக்கு நிர்வாணாவை அழைத்தார்கள். பெயர் பெற்ற விருந்தினர் யாரையாவது கூட்டிவருவார்கள் என்று சேனல் எதிர்பார்த்தது. கோபெய்ன் கூட்டிவந்தது மீட் பப்பட்ஸ் குழுவின் கர்க்வுட் சகோதரர்களை. நிகழ்ச்சி ஆல்பமாக வந்தபோது அதிலிருந்த பதினான்கு பாட்டில் ஆறு மற்றவர்களுடையவை: மீட் பப்பட்ஸ் மூன்று, வாஸலின்ஸ் ஒன்று, டேவிட் போவி ஒன்று, பழைய ப்ளூஸ்காரர் லெட் பெல்லி பாடிப் பரப்பிய நாட்டுப்பாடல் ஒன்று. ஊரே கேட்ட ‘டீன் ஸ்பிரிட்’டை அன்றைக்கு வாசிக்கவே இல்லை. தனக்குக் கிடைத்த மேடையில் கிட்டத்தட்டப் பாதியை அந்த மனிதர் பிறருக்குப் பாய் விரிக்கச் செலவழித்தார். எங்கள் விடுதியில் இதைக் கவனித்தவர் யாருமில்லை. நிர்வாணாதான் பெரிது என்று கத்திக்கொண்டிருந்த நான், நிர்வாணா யாரைக் கைகாட்டியது என்று பார்க்கவில்லை.

லண்டனில் ரெயின்கோட்ஸ் என்று ஒரு குழு. ஆனா ட சில்வா, ஜினா பர்ச் என்ற இரண்டு ஓவியக் கல்லூரி மாணவிகள் 1977-இல் தொடங்கியது. 1979-இல் முதல் ஆல்பம், 1984-இல் கலைப்பு. அந்தக் காலத்தில் எந்தப் பெரிய விற்பனைப் பட்டியலிலும் ஏறாதவர்கள். 1992-இல், உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட ராக் பாடகராக இருந்த கோபெய்ன், அந்த முதல் ஆல்பத்தைத் தேடி லண்டன் ரஃப் ட்ரேட் கடைக்குள் நுழைந்தார். அங்கே இல்லை. கல்லாவில் இருந்த பெண், ஆனா வேலை பார்க்கும் பழம்பொருள் கடைக்கு ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்தார். கோபெய்ன் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய், பழைய சாமான்களுக்கு நடுவே நின்ற ஆனாவிடம் தன் ஆசையைச் சொன்னார். சில வாரத்தில் இசைத்தட்டு தபாலில் வந்தது, ஜெராக்ஸ் எடுத்த பாடல் வரிகளும் குழுவினர் கையெழுத்துகளுமாக. இதையெல்லாம் அவர் ‘இன்செஸ்டிசைட்’ ஆல்பத்தின் உறைக்குறிப்பில் எழுதிவைத்தார். அதன் பிறகு ரெயின்கோட்ஸின் இசைத்தட்டுகள் மறுபடி அச்சாயின. 1994 ஏப்ரலில் பிரிட்டனில் நிர்வாணாவோடு அவர்களும் மேடையேறுவதாக இருந்தது. ஏப்ரல் 5 அன்று கோபெய்ன் போய்விட்டார்.

போன மாதம் நண்பன் போன் பேசினான். மகன் ஏதோ பட்டியல் காட்டினானாம், அதில் சவுண்ட்கார்டன் பன்னிரண்டாவது இடமாம். நியாயமா இது என்றான். ஒரு மணி நேரம் பழைய சண்டையைப் போட்டோம். வைக்கும்போது ரெயின்கோட்ஸின் முதல் ஆல்பத்தை அனுப்பி, கேள் என்றேன். மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் கூப்பிட்டான்.

“வயலின் சுருதியிலயே நிக்கலடா.”

“ஆமா.”

“டிரம்ஸ் அது பாட்டுக்கு எங்கயோ போகுது.”

“ஆமாடா.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னணியில் அதே வயலின் ஓடிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.