முகங்கொடாமை

ஏசுவது குற்றம், அடிப்பது குற்றம். ஒன்றுமே செய்யாமல் முகத்தை மட்டும் இறுக்கி வைத்துக்கொண்டால்? யாருக்கும் தீங்கிழைக்கவில்லை என்று நிம்மதியாக உறங்கிவிடுகிறோம். அந்த நிம்மதிக்கு நமக்கு உரிமை உண்டா?

ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993ஆம் ஆண்டு ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். உடல்நலமுள்ள ஒருவர், அந்நியர் சிலர் முன் நின்று, ஒரு வேலைக்குத் தாம் தகுதியானவரென்று 5 நிமிடம் பேசவேண்டும். அடுத்த 5 நிமிடம் மனக்கணக்கு. தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். எதிரே இருப்போர் ஏசுவதில்லை; நகைப்பதுமில்லை. சலனமற்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவ்வளவே! இதயம் விரைகிறது. மூளையின் ஆணைப்படி, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் கார்ட்டிசாலைப் பெருக்குகின்றன. பின்னர், 2013இல் வெளியான ஆய்வொன்றில், சோதனையின் கடுமையை நீக்கி, அவையோரை இன்முகத்துடன் நடந்துகொள்ளச் செய்தனர். கார்ட்டிசால் உயரவில்லை.

2003இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு மூளையையே படம்பிடித்தது. அதில் கலந்துகொண்ட 13 பேரும் திரையில் பந்து விளையாடினர். சற்று நேரத்தில் மற்ற இருவரும் தமக்குள்ளேயே பந்தை எறிந்துகொண்டனர். ஒதுக்கப்பட்டவரின் மூளையில், உடல்வலியின் துன்பத்தோடு தொடர்புடைய முன் சிங்குலேட் பகுதி கிளர்ந்தது. அதிகம் வருந்தியோரிடம் அதிகமாகவே கிளர்ந்தது.

மிகைப்படுத்த வேண்டாம். வியப்பிலும் குழப்பத்திலுங்கூட அப்பகுதி கிளர்வதுண்டு. ஆகவே, புறக்கணிப்பும் உடற்காயமும் முற்றிலும் ஒன்றே என்று சாதித்துவிட முடியாது. ஆனால், 'அவர் தொட்டாற்சிணுங்கி. நான் என்ன செய்துவிட்டேன்?' என்று நாம் சொல்லும் சாக்கு இனிச் செல்லாது. சோதனைக்கு வந்தோர் நலமுடையோர். எதிரிலிருந்தோர் முன்பின் அறியாதவர். இழந்ததோ திரையிலோடும் ஒரு பந்து. அதற்கே இவ்வளவென்றால், திருமண வீட்டில் எவராலும் 'வாருங்கள்' என்றழைக்கப்படாத ஏழை உறவினருக்கு? நாள்தோறும் நம் வாசலில் நின்று, நிமிர்ந்தும் பார்க்கப்படாத வேலைக்காரருக்கு?

புன்னகையைக் கடமையாக்கலாமா, நீதிபதியும் தேர்வாளரும் நடுநிலை காக்க வேண்டாமா எனலாம். காக்கட்டும். தீர்ப்பு நேராயிருக்க வேண்டுமே தவிர, முகம் கல்லாயிருக்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணை மறுக்க அவருக்கு உரிமையுண்டு; மனிதனென்ற மதிப்பை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

நாம் வீசிய கற்களை மட்டுமே இதுவரை எண்ணி வந்தோம். எறியாமல் கையில் வைத்துக்கொண்ட பந்துகளையும் இனி எண்ணிப் பார்க்கவேண்டும்.