யாருடைய முறை?

கிறைஸ்ட்சர்ச்சில் மோட்டார்ஹோம் எடுத்தபோது வாடகைக் கடைப் பெண் வண்டியின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இழுத்துக் காட்டினார். கேசட் என்று பெயர். கழிப்பறைக் கழிவு அதில்தான் சேரும். சுமார் 20 லிட்டர் பிடிக்கும். நிறைந்ததும் டம்ப் ஸ்டேஷனில் நாமே கொட்டிக் கழுவ வேண்டும்.

அம்மா முகத்தைச் சுளித்தார். அக்காவும் அத்தானும் சிரித்தார்கள். அப்பா டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் பொறியாளன். ஜொகூரிலிருந்து புறப்படும் முன்பே எக்செலில் அட்டவணை போட்டிருந்தேன். ஐந்து பேர், ஆறு நாள். சமைப்பது, தண்ணீர் நிரப்புவது, கேசட் கொட்டுவது என எல்லாருக்கும் முறை உண்டு. நியாயம் என்றால் சமமாகப் பிரிப்பது என்று அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நியூசிலாந்தில் இதற்கு ஒரு தர விதியே இருக்கிறது. 'செல்ஃப் கன்டெய்ன்ட்' சான்றிதழ் வேண்டுமென்றால், வண்டியில் இருப்பவர்களின் கழிவை மூன்று நாளைக்காவது வெளியே விடாமல் வண்டியே தாங்க வேண்டும். 2023-இல் வந்த சட்டம் கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருந்தது. நம்முடையதை நாமே சுமக்கிறோம், இதில் மேல் கீழ் எங்கே வருகிறது?

மூன்றாம் நாள் இரவு அவோராக்கியின் அடிவாரத்தில் தங்கினோம். 3,724 மீட்டர், அந்த நாட்டின் மிக உயரமான மலை. மறுநாள் காலை புகாகி ஏரியை ஒட்டியே இறங்கினோம். பனியாறு பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவந்து சேர்ப்பதால் அந்த ஏரிக்கு அப்படியொரு நீலம். அப்பா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார். ட்வைசலில் வண்டியை நிறுத்தினோம். கேசட், அப்பாவின் முறை.

"அந்த வேலைய நான் செய்யமாட்டேன்."

"எல்லாரும் ஒரு தடவ செய்றோம்ப்பா. நம்ம கழிவுதானே?"

அவர் பதில் சொல்லவில்லை. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான்தான் கொட்டினேன். கோபமாகக் கொட்டினேன். நம் ஆம்பளைங்க எல்லாரும் இப்படித்தான் என்று அக்காவிடம் முனகினேன்.

அன்றிரவு ஓமராமாவில் தங்கினோம். எல்லாரும் படுத்த பிறகு அப்பா வெளியே குளிரில் நின்றுகொண்டிருந்தார். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"தாத்தா நகராண்மைக் கழகத்துல என்ன வேல செஞ்சாருன்னு உனக்குத் தெரியுமாடா?"

தெரியாது. 'கவர்மெண்டு வேலை' என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

"வாளிக் கக்கூஸ் எடுத்தாரு."

விடியும் முன்பே போவாராம். வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கப் பைப்பில் குளிப்பாராம். ஒருநாள் பள்ளி விட்டு வரும் வழியில் தாத்தா அப்பாவைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்ததால் அப்பா யாரோ மாதிரி நடந்து போய்விட்டார். "அதுக்கப்புறம் வெளிய எங்கேயும் அவரு என்னக் கூப்பிட்டதே இல்லடா." கொஞ்ச நேரம் கழித்து, "எம்புள்ளைங்க அதத் தொடக்கூடாதுன்னுதான் ஒங்கள படிக்க வச்சேன். நீ அதுக்கு எம்பேரயும் சேத்து அட்டவண போடுற" என்றார்.

என் எக்செலில் எல்லாருக்கும் அதே 20 லிட்டர்தான். ஆனால் அப்பா தூக்க வேண்டிய எடை வேறு. நம்மவர்களில் வாளி யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. அந்த வரலாறு இல்லாதவனுக்குக் கேசட் ஒரு பயண அனுபவம், ஊருக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்கலாம். அப்பாவுக்கு அது தப்பித்து வந்த இடம். இருவருக்கும் ஒரே முறை கொடுப்பது கணக்குக்குச் சரி, நியாயத்துக்குச் சரியில்லை.

காந்தி ஞாபகத்துக்கு வந்தார். 1898-இல் டர்பனில், தம் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் மலச்சட்டியை கஸ்தூர்பா அழுதுகொண்டே எடுத்துப் போக, அதைச் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று கோபப்பட்டு அவரை வாசல்வரை இழுத்துப் போனார். 'சத்திய சோதனை'யில் அவரே வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். கொள்கை நல்ல கொள்கைதான். அடுத்தவர் கையில் திணித்தபோது அது வன்முறையாகிவிட்டது. ட்வைசலில் நானும் கொஞ்சம் அதைத்தான் செய்தேன்.

ஆக, அப்பாவுக்கு விலக்கு கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். காலையில் தேநீர் கலக்கும்போது அம்மா அந்த முடிவைக் கலைத்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"ஒங்கப்பாவுக்குக் காரணம் இருக்கு, சரி. முப்பது வருசமா நம்ம வீட்டுக் கக்கூஸ யாரு கழுவுறா? எனக்கு ஏதாச்சும் காரணம் இருக்கான்னு யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. ஒருவர் இறக்கி வைத்த வாளி காணாமல் போவதில்லை. கேட்க நாதியில்லாதவர் பக்கம் நகர்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அது அம்மாவிடம் போனது. என் அலுவலகத்தில் அது ஒரு வங்காளதேசத்து அண்ணனிடம் இருக்கிறது. நான்கு வருடமாக அவர் கழுவிய இடத்தைத்தான் புழங்குகிறேன். பெயர் தெரியாது.

லிண்டிஸ் கணவாயில், 971 மீட்டரில், காய்ந்த புல் போர்த்திய மலைகளுக்கு நடுவே ஏறும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. அப்பாவின் விலக்கு அவர் பட்ட காயத்துக்கு உரியது. அதை நான் சொத்து மாதிரி வாங்கிக்கொள்ள முடியாது. எனக்கு அந்தக் காயமில்லை, அது கொடுத்த படிப்பும் சம்பளமும் மட்டுமே இருக்கின்றன. அப்படியென்றால் அப்பாவின் முறை என்னுடையது. வீட்டுக்குப் போன பிறகு அம்மாவின் முறையும் என்னுடையதுதான். இதைச் செய்ய எக்செல் வேண்டாம்.

குயின்ஸ்டவுனில் வண்டியை ஒப்படைக்கும் முன் கடைசித் தடவையாகக் கேசட்டை இழுத்துக்கொண்டு போனேன். அப்பா பின்னாலேயே வந்து பத்தடி தள்ளி நின்றார்.

"காத்துக்கு முதுகக் காட்டி நில்லுடா. தாத்தா அப்படித்தான் நிப்பாரு."

திரும்பி நின்றேன். நாற்றம் குறைந்தது. தாத்தா எப்படி நிற்பார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், சின்ன வயதில் எங்கோ ஒளிந்து நின்று அவரைப் பார்த்திருக்கிறார். அதை நான் கேட்கவில்லை.