மிதக்கும் கோட்டை யாரைக் காக்கும்?



பேசாலைக் கடற்கரையில் ஒரு மாலை நேரம். வாடி ஓரத்தில் நின்ற இளைஞன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கடலைக் கிழித்துக்கொண்டு வரும் பிரமாண்டமான விமானந்தாங்கிக் கப்பல். அதன் மேல்தளத்தில் வரிசை வரிசையாகப் போர் விமானங்கள். “சுவாமி, இது வந்து நின்றால் எதிரே எவன் நிற்பான்?” என்று கேட்டான். பக்கத்தில் கிழிந்த வலையைச் சீராக்கிக் கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே பதில் சொன்னார்: “அது நம்ம கடலுக்குள்ள வராது தம்பி, தரை தட்டிப் போகும்.”

எல்லோரும் சிரித்தோம். பெரியவர் சொன்னது உண்மைதான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணற்றிட்டுகளில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை. இந்தியாவின் ‘விக்கிராந்த்’ மிதப்பதற்கோ 8 மீற்றருக்கு மேல் ஆழம் வேண்டும். ஆயினும் இளைஞனின் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. எதிரே எவன் நிற்பான் என்று அவன் கேட்டான். அந்தக் கப்பல் யாருக்காக நிற்கிறது என்று அவன் கேட்கவில்லை. நாமும் கேட்பதில்லை. இந்த வாரம் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

பயன் என்ன?

முதலில் நியாயமாக அதன் பயனைச் சொல்லிவிடுவோம். விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும். ஓடுபாதைக்கு நிலம் வேண்டும். அந்நிய தேசத்தில் நிலம் வேண்டுமானால் அந்நாட்டாரிடம் கையேந்த வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலோ தன் நிலத்தைத் தானே சுமந்து செல்கிறது. இன்று இங்கே நிற்கும். நாளை பல நூறு மைலுக்கு அப்பால் நிற்கும். 1971 டிசெம்பரில், கொதிகலன் பழுதோடு வேகங்குறைந்து ஓடிய பழைய ‘விக்கிராந்த்’ வங்காள விரிகுடாவில் நின்று சிட்டாகொங், கொக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கியது. அதைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி ‘காஸி’ விசாகப்பட்டினத்துக்கு வெளியே தன் மாலுமிகள் அனைவரோடும் மூழ்கிப் போனது.

2022 செப்டெம்பர் 2ஆம் திகதி கொச்சியில் அதே பெயருடன் புதிய கப்பலை இந்தியா கடற்படையில் சேர்த்தது. நீளம் 262 மீற்றர். எடை ஏறக்குறைய 45,000 தொன். செலவு சுமார் 20,000 கோடி இந்திய ரூபா. அமெரிக்காவின் ‘ஜெரல்ட் போர்ட்’ இன்னும் பெரியது: ஏறக்குறைய 1,00,000 தொன், சுமார் 1,300 கோடி டொலர், அதில் 4,500 பேர்வரை வாழ்கிறார்கள். ஒரு கப்பலுக்குள் ஒரு சிறு பட்டினம்!

நம் கடல் கண்ட பாடம்

இந்தப் பட்டினங்கள் மூழ்கக் கூடியவையா? இதற்கு விடை தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்புக் கடலின் அடியிலேயே ஒரு விடை கிடக்கிறது.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. நம் பாட்டன்மார் திருவிழாப் பூசை கண்டு வீடு திரும்பிய காலைவேளையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. அவை எந்த நிலத்திலிருந்தும் எழவில்லை. தெற்கே நடுக்கடலில் நின்ற ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்து வந்தன. துறைமுகம் தாக்கப்பட்டது, அங்கொடை மனநோயாளர் மருத்துவமனைமீதும் குண்டு விழுந்தது. அன்று பிற்பகலில் தென்மேற்குக் கடலில் இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கின. 424 பேர் மாண்டனர்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையின் முறை வந்தது. எச்சரிக்கை கிடைத்து முதல் நாள் இரவே அங்கிருந்து புறப்பட்டிருந்த ‘ஹெர்மிஸ்’ என்ற பிரித்தானியக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டுக் கொண்டது. விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு போர் விமானம்கூட இல்லை. சிறகில்லாப் பறவையாக நின்ற அது சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் அதனுடன் மடிந்தனர். துணைக்குச் சென்ற ‘வம்பயர்’ என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. அந்தப் பக்கமாக வந்த ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பலை மட்டும் ஜப்பானியர் தாக்கவில்லை. ஏறக்குறைய 600 பேரை அது கடலிலிருந்து தூக்கி எடுத்தது. ஆயுதமில்லாத கப்பலே அன்று அத்தனை உயிர்களையும் காத்தது என்பதை மறவாதீர்கள்.

வென்றவர்களின் கதை என்னாயிற்று? கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் ‘அக்காகி’, ‘சோரியு’, ‘ஹிரியு’ ஆகிய மூன்றும் இரண்டே மாதத்தில், 1942 யூன் மாதம், மிட்வே போரில் அழிந்தன. எண்ணெயும் குண்டும் ஏற்றிக்கொண்டிருந்த சொந்த விமானங்களே அவற்றை எரித்த கொள்ளியாயின. எஞ்சிய ‘ஷொக்காக்கு’, ‘சுயிக்காக்கு’ இரண்டும் 1944இல் மூழ்கின. உயிர்த்த ஞாயிறன்று நம் வானத்தை இருளாக்கிய ஐந்தில் ஒன்றுகூட மூன்று ஆண்டு நிலைக்கவில்லை.

இன்று மாறியது என்ன?

அன்று விமானந்தாங்கியை அழிக்கப் பெரும்பாலும் இன்னொரு விமானந்தாங்கியோ நீர்மூழ்கியோ வேண்டியிருந்தது. இன்று கரையில் நிற்கும் ஒரு பாரவண்டி போதும் என்கிறார்கள். சீனா செய்துள்ள ஏவுகணைகளில் ஒருவகை ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் தூரம் பாயக்கூடியது. இன்னொரு வகை 4,000 கிலோமீற்றர்வரை. கப்பலின் விமானங்கள் போய்த் திரும்பும் தூரமோ அதைவிடக் குறைவு. ஆகவே கப்பல் விலகி நின்றால் பயனில்லை. நெருங்கி வந்தால் பாதுகாப்பில்லை.

2022 ஏப்ரல் 14ஆம் திகதி கருங்கடலில் ரஷ்யாவின் ‘மொஸ்க்வா’ மூழ்கியது. அது விமானந்தாங்கியல்ல, ஆனால் அந்தக் கடற்படையின் தலைமைக் கப்பல். அதை வீழ்த்திய உக்ரைனிடம் கடற்படை என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. கரையிலிருந்து சென்ற ஏவுகணைகளும் பின்னர் ஆளில்லாப் படகுகளும் இருந்தன. 2023இன் இறுதியிலிருந்து செங்கடலில் யேமனின் ஹூதிகள் ஏவிய மலிவான ஆளில்லா விமானங்களை வீழ்த்த, ஒன்று 20 இலட்சம் டொலர் பெறுமதியான ஏவுகணைகளை அமெரிக்கக் கப்பல்கள் செலவிட வேண்டியிருந்தது. கொசுவை அடிக்கப் பொற்கட்டியை எறிந்த கதை.

மறுதரப்பார் சொல்வதையும் கேட்க வேண்டும். ‘விமானந்தாங்கியின் காலம் முடிந்தது என்று பல தலைமுறையாகச் சொல்கிறார்கள், ஆனால் 1945க்குப் பின் நடுக்கடற் போரில் ஒன்றுகூட மூழ்கடிக்கப்படவில்லையே. அது ஓடிக்கொண்டே இருப்பது; பரந்த சமுத்திரத்தில் அதைக் கண்டுபிடிப்பதே கடினம்; சுற்றிலும் காவற் கப்பல்கள், கீழே நீர்மூழ்கி, மேலே விமானம்’ என்பார்கள். மெய்தான். காவலுக்குப் போனதற்கே இத்தனை காவலா என்று நம் பெரியவர் கேட்கக்கூடும், ஆனாலும் மெய்தான்.

ஆனால் ஏன் ஒன்றும் மூழ்கவில்லை? இங்கேதான் போர்க்கலையின் கேள்வி மனச்சாட்சியின் கேள்வியாகிறது. கொரியா, வியட்நாம், ஈராக் என்று இக்கப்பல்கள் போரிட்ட கடல்களைப் பாருங்கள். பெரும்பாலும் அவற்றைத் திருப்பித் தாக்கும் வலிமையற்றவர்களுக்கு எதிராகவே அவை சென்றன. வலியவனுக்கு அருகே போக அஞ்சும் ஆயுதம், எளியவன் வாசலில் மட்டும் அச்சமின்றி நிற்கும். எளியவனுக்கு எதிராகப் பலத்தைக் காட்டுவது எப்போதும் அநீதி என்று நான் சொல்லவில்லை. எளியவனும் அயலான் வீட்டில் கொள்ளையிடக் கூடும். அவனைத் தடுப்பது கடமை. ஆயினும் தனக்கு ஆபத்தில்லாத இடத்தில் கை ஓங்குவது மனிதனுக்கு மிக எளிது. ஆபத்துக் குறையும்போது அவனுடைய தயக்கமும் குறைகிறது. தயக்கம் குறைந்த இடத்தில் நீதியின் எல்லையும் மெல்ல நகர்ந்துவிடும். ஆகவே அத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பவன் மற்றவனைவிட இருமடங்கு தன்னைச் சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

இரண்டாவது ஆபத்து இதற்கு நேர் எதிரானது. 4,500 பிள்ளைகளைச் சுமந்த கப்பல் ஒருநாள் வலிய எதிரியின் கையால் மூழ்கினால் அந்த நாடு என்ன செய்யும்? துக்கமும் அவமானமும் சேர்ந்து அணுவாயுதத்தைத் தேடாது என்று யார் உறுதி கூறுவார்? இழக்கவே முடியாத ஒன்றை ஆபத்தான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது சமாதானத்துக்குக் காவலாகாது. வைக்கோற் போருக்குப் பக்கத்தில் வைத்த விளக்கு அது.

சிறியது எல்லாம் நல்லதா?

இதை வாசிக்கும்போது, ‘பெரியவன் வீழ்ந்தான், சிறியவன் வென்றான்’ என்று உள்ளூர ஒரு மகிழ்ச்சி எழலாம். தாவீதின் கவண் நினைவுக்கு வரலாம். சற்றுப் பொறுங்கள். மன்னாருக்கு இந்தக் கதை ஏட்டில் படித்த கதையல்ல. 1994 செப்டெம்பரில் மன்னாருக்கு அப்பாலுள்ள கடலில் இலங்கைக் கடற்படையின் பெரிய ரோந்துக் கப்பலான ‘சாகரவர்த்தன’ வெடிமருந்துப் படகுகளால் மூழ்கடிக்கப்பட்டது. மூழ்கிய கப்பலில் சிங்களத் தாய்மாரின் பிள்ளைகள் இருந்தார்கள். மோதிய படகுகளில் தமிழ்த் தாய்மாரின் பிள்ளைகள் இருந்தார்கள். கடற்படையும் பின்னர் சிறு படகுகளைக் கூட்டங்கூட்டமாக இறக்கியது. இடையில் நம் மீனவன் தடையாலும் பாஸ் முறையாலும் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்துப் பட்டினி கிடந்தான். ஆயுதம் சிறிதாயிருந்ததால் யாருடைய கண்ணீரும் குறையவில்லை. மலிவான ஆயுதம் பெரியவனின் செருக்கை அடக்கக்கூடும். ஆனால் எவரும் வாங்கக்கூடிய விலையில் மரணத்தையும் அதுவே சந்தைக்குக் கொண்டுவருகிறது.

விலையைக் கொடுப்பவர் யார்?

2022இல் கடனைக் கட்ட முடியாமல் நம் நாடு விழுந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நின்ற வரிசைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023இல் சர்வதேச நாணய நிதியம் நான்கு ஆண்டுகளில் தவணையாகத் தர இணங்கிய தொகை ஏறக்குறைய 300 கோடி டொலர். இரண்டு கோடிக்கும் அதிகமான மக்களைத் தூக்கி நிறுத்தக் கேட்டு வாங்கிய கடன் அது. ‘ஜெரல்ட் போர்ட்’ என்ற ஒரே கப்பலின் விலை அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆயுதப் போட்டி எளியோரைத் தாங்கொணாத அளவுக்குக் காயப்படுத்துகிறது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியபோது, அது கவிதை பேசவில்லை. அது கணக்குப் பேசியது.

அதே சமயம் நன்றியையும் மறக்கலாகாது. 2004 ஆழிப்பேரலையின்பின் இந்தோனேசியாவின் ஆச்சே கரையில் ‘ஏபிரகாம் லிங்கன்’ என்ற அமெரிக்க விமானந்தாங்கியின் உலங்குவானூர்திகள் உணவும் நீரும் சுமந்து பறந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, கடற்படை விழாவுக்காகக் கொழும்புக்கு வந்திருந்த ‘விக்கிராந்த்’ தன் உணவுப் பொருள்களை இறக்கிக் கொடுத்தது. அதன் உலங்குவானூர்திகள் மீட்புப் பணியில் இறங்கின. அருவியாறு பெருகி நம் வயல்களையும் மாடுகளையும் கொண்டுபோன அந்த நாள்களில், வானத்தில் கேட்ட இரைச்சல் அச்சத்தைத் தராமல் ஆறுதலைத் தந்தது. எத்தனை ஆண்டுகளுக்குப் பின்!

பார்த்தீர்களா? எந்த ஏவுகணையாலும் வீணாக்க முடியாத பயன் இந்தக் கப்பலுக்கு ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆயினும் அப்பமும் மருந்தும் சுமக்கப் போர்க்கப்பல்தான் வேண்டுமா என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. ‘வீட்டா’வுக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை.

வாசகரே, தீவின் வாசலில் நிற்கும் நம் கோட்டையைப் பாருங்கள். 1560இல் போர்த்துக்கேயர் எழுப்பினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் புகுந்தனர். ஒவ்வொருவரும் அது தம்மைக் காக்கும் என்றே நம்பினர். சுவர் இருக்கிறது, உடையவர் இல்லை. மிதக்கும் கோட்டைக்கும் அந்த விதி வேறல்ல. பழைய ‘விக்கிராந்த்’ 2014இல் உடைக்கப்பட்டது. அதன் உருக்கில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளாகி இந்தியத் தெருக்களில் ஓடியது. போர்த் தளவாடத்துக்கு இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள உரிமையுடையது. அந்தப் பணியில் நேர்மையாக நிற்கும் மாலுமியை நாம் பழிக்கவும் மாட்டோம். ஆனால் உங்கள் பிள்ளைகள் இத்தகைய படங்களைக் கண்டு வியக்கும்போது, சும்மா தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். இது யாருக்கு எதிரே நிற்கிறது, திருப்பி அடிக்கக் கூடியவனுக்கா, முடியாதவனுக்கா? இது மூழ்கினால் அதன்பின் என்ன நடக்கும்? இதற்குச் செலவான பணம் யாருடைய வீட்டு அடுப்பிலிருந்து வந்தது? இவற்றுக்கு விடை சொல்லிவிட்டு அவர்கள் வியக்கட்டும்.

அன்று மாலை நான் புறப்படும்போது, பெரியவர் வலையைச் சுருட்டி வள்ளத்தில் வைத்துவிட்டு மேற்கே பார்த்தார். “சுவாமி, கடல் பெரிய கப்பலையும் தாங்கும், சின்ன வள்ளத்தையும் தாங்கும். ரெண்டையும் விழுங்கவும் விழுங்கும்” என்றார். இளைஞன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வள்ளத்தைத் தள்ள அவருக்குக் கைகொடுத்தான்.